தஞ்சாவூர்ச் சுற்றுலாவுக்கு என் மகளைத் தயார்செய்த ஆறு மாதங்கள்

என் மகள் ஏழாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில், எங்கள் வீட்டு மாடித் தொட்டி மாலை ஏழு மணிக்குள் காலியாகத் தொடங்கியது. குழாயில் கசிவு இருக்கும் என்று எண்ணி பிளம்பரை அழைத்துப் பார்த்தோம். கசிவு எதுவும் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் அவள் குளியலறைக்குள் போய், ஒன்றே கால் மணி நேரம் கழித்து வெளியே வருவதை வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் ஒருவருக்கும் அது நோயாகத் தோன்றவில்லை. எச்சில், பத்து, தீட்டு எல்லாம் பார்க்கிற வீடு எங்களுடையது. "என்னைய மாதிரியே சுத்தம்" என்று என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

நானும் அதற்கு உதவி செய்துகொண்டிருந்தேன். புத்தகப்பை வாசலில் விரித்த செய்தித்தாளின்மேல்தான் இருக்க வேண்டும் என்றாள், இருந்தது. பையின் வாரையும் ஜிப்பையும் டெட்டால் தோய்த்த துணியால் துடைக்கச் சொன்னாள், தினமும் துடைத்தேன். சீருடையை மற்றவர்கள் துணியோடு சேர்க்காமல் இரண்டு முறை அலசினேன். இரவு படுக்கும்போது "ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்று கேட்பாள், "ஒண்ணும் ஆகாதுடா" என்பேன். முதலில் ஒரு தடவை, பிறகு ஐந்து தடவை, ஜூலை முடிவதற்குள் முப்பது தடவை. என் குரலில் சலிப்பு தட்டினால் முதலிலிருந்து கேட்பாள். இது அன்பு என்று நான் முழுமனதோடு நம்பினேன்.

பள்ளியில் வேறு விதமாக வெளிப்பட்டது. ஒரு வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தாள் கிழியும்வரை அழித்தாள். "மெதுவாக எழுதுகிறாள், கவனம் தேவை" என்று நாட்குறிப்பில் எழுதி அனுப்பினார்கள். அங்குள்ள கழிப்பறைக்குப் போகக் கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தபோது, குழந்தைகள் மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் மடிப்புகள் வெடித்து, புறங்கை முழுக்கச் செதில் செதிலாக இருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்தச் சீட்டை என் கணவர் பத்து நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இடையில் என் மாமியார் அவளை மந்திரிக்க அழைத்துப் போனார். அந்த நாட்களில் நான் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைத்தேன். அது அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். எதிர்முனையில் இருந்த பெண் பதினைந்து நிமிடம் கேட்டுவிட்டு, "தள்ளிப்போடாதீங்க" என்றார்.

எண்ண சுழற்சி நோய், அதாவது ஓசிடி, என்று மருத்துவர் சொன்னார்: வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வரும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். குழந்தைகளுக்கான மதிப்பீட்டில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண்; அவளுக்கு 27 வந்தது, தீவிர நிலை. எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் அரைமணி நேரம் தனியாகப் பேசிய பிறகுதான் அதன் வேர் தெரிந்தது. அழுக்கு அவளுக்குப் பயமே இல்லை. பள்ளியில் தொட்ட ஏதோ ஒன்று அவள் கைவழியாகத் தம்பிக்கு ஒட்டி, அவன் செத்துப்போய்விடுவான் என்ற எண்ணம் ஒரு நாளில் எத்தனையோ தடவை அவள் தலைக்குள் வந்துகொண்டிருந்தது. சொன்னால் பலித்துவிடும் என்று ஓர் ஆண்டுக்கும் மேலாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. பதினொரு வயதுக் குழந்தை அதைத் தனியாகச் சுமந்தபடி வகுப்பில் உட்கார்ந்திருந்தாள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

சிகிச்சை இரண்டு வழிகளில் நடந்தது. செர்ட்ராலின் மாத்திரையைக் குறைந்த அளவில், 25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம் என்றும், முதல் சில வாரங்களில் பதற்றமோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் பேச்சோ தென்பட்டால் உடனே அழைக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். சின்னப் பிள்ளைக்கு மாத்திரையா என்று என் கணவர் தயங்கியபோது, 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துச் சொன்னார். மாத்திரை மட்டும், உளவியல் பயிற்சி மட்டும் என்பதைவிட இரண்டும் சேர்ந்தபோதே பிள்ளைகள் அதிகம் தேறினார்கள். அந்தப் பயிற்சிதான் இரண்டாவது வழி: பயப்படும் ஒன்றைத் தொட வேண்டும், தொட்ட பின் கழுவாமல் இருக்க வேண்டும். சொல்ல எளிதாக இருக்கிறது. இந்த முறையில் பயிற்சி பெற்ற உளவியலாளர் எங்கள் பக்கத்தில் எளிதில் கிடைக்கவில்லை. வாரம் ஒரு முறை, பெரும்பாலும் காணொளியில்தான் நடந்தது.

முதல் அமர்வில் உளவியலாளர் என்னிடம் கேட்டது, நாங்கள் அவளுக்காக மாற்றிக்கொண்ட பழக்கங்களை எழுதித் தரும்படி. முழு ஒரு பக்கம் வந்தது. துடைத்த பை, இருமுறை அலசிய சீருடை, நூறு தடவை சொன்ன "ஒண்ணும் ஆகாது" எல்லாமே அந்த நோய்க்கு நான் தினமும் போட்ட சோறு என்று அன்று புரிந்தது. என் பதில் அவளுக்கு ஐந்து நிமிட நிம்மதியைக் கொடுத்தது. ஐந்து நிமிடம் கழித்து, பதில் இல்லாமல் இருக்க முடியாது என்று அவள் மூளைக்குக் கற்றுக்கொடுத்தது.

ஒரே நாளில் எதையும் நிறுத்தவில்லை. அவளிடம் முன்கூட்டியே சொல்லி, அவள் ஒப்புக்கொண்ட பிறகே ஒவ்வொன்றாக விட்டோம். நோய்க்குப் பெயர் வைக்கச் சொன்னபோது அவளே "நைநை" என்று வைத்தாள். அதன் பிறகு இரவுக் கேள்விக்கு என் பதில் மாறியது: "இது நைநை கேக்குற கேள்வி. உனக்கு எது கேட்டாலும் சொல்றேன்டா, நைநைக்குச் சொல்ல மாட்டேன்." முதல் வாரம் அவள் கத்தினாள், கதவை அடித்தாள், "நீ என் அம்மாவே இல்ல" என்றாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்து "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டார். அடுத்த மூன்று நாட்கள் அவரிடம் மட்டுமே போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் நான்கு பெரியவர்கள் இருந்தால் நான்கு பேரும் ஒரே பதிலைச் சொல்லியாக வேண்டும். என் மாமியாருக்கு இதைப் புரியவைக்க ஒரு மாதம் ஆயிற்று. புரிந்த பிறகு எங்கள் எல்லோரையும்விட அவர்தான் உறுதியாக நின்றார்.

பள்ளியை அணுகியது வேறொரு போராட்டம். உடற்கல்வி ஆசிரியர் இதை அடம் என்றார். வகுப்பு ஆசிரியையோ இரக்கப்பட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் கை கழுவப் போகலாம் என்று அனுமதித்திருந்தார். இரண்டாவதால்தான் அதிகக் கெடுதல் விளைந்தது என்பதை அவர் மனம் நோகாமல் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்றாலும் நாங்கள் சான்றிதழ் கேட்டுப் போகவில்லை. மருத்துவரின் கடிதத்தோடு, ஒரே பக்கத்தில் எங்கள் வேண்டுகோளை எழுதிக் கொடுத்தோம். அழிரப்பர் வேண்டாம், தவறானால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதட்டும். சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, கழிப்பறைக்குப் பின் ஒரு தடவை கழுவட்டும். கூடுதலாகக் கேட்டால், "பத்து நிமிஷம் கழிச்சுக் கேளு" என்று சொல்லுங்கள். பதற்றம் அதிகமானால் மேசையில் மஞ்சள் அட்டையை வைப்பாள், ஒன்றும் கேட்காமல் வராந்தாவில் ஐந்து நிமிடம் நிற்க விடுங்கள், ஆனால் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். தேர்வில் கூடுதலாக அரைமணி நேரம் கொடுங்கள், அடுத்த தேர்வில் அதைக் கால்மணியாகக் குறைப்போம். சலுகை கேட்கும்போதே அதைக் குறைக்கும் திட்டத்தையும் சேர்த்துக் கொடுத்ததுதான் தலைமை ஆசிரியரை இணங்கவைத்தது என்று நினைக்கிறேன். வகுப்பு ஆசிரியை அந்தத் தாளை வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

நவம்பர் கடைசியில் சுற்றுலா அறிவிப்பு வந்தது: ஜனவரியில் இரண்டு நாள், தஞ்சாவூரும் கங்கைகொண்ட சோழபுரமும், இரவு ஒரு மண்டபத்தில் தங்கல். அவள் போகவில்லை என்றாள். எனக்கும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. நான் கூட வரலாம் என்று பள்ளியே சொன்னது. உளவியலாளர் இரண்டையுமே ஏற்கவில்லை. போகாவிட்டால் நைநைக்கு ஒரு தஞ்சாவூர் கிடைக்கும், அம்மா கூடப் போனால் அம்மா இல்லாத இடமெல்லாம் அதற்குக் கிடைக்கும் என்றார்.

ஆகவே எட்டு வாரங்களில் ஏறுவதற்கு ஓர் ஏணியை அவளே எழுதினாள், ஒவ்வொரு படிக்கும் பத்துக்கு எத்தனை பயம் என்ற எண்ணோடு. நகரப் பேருந்தில் இருக்கையைத் துடைக்காமல் உட்காருவது மூன்று. மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் பிஸ்கட் வாங்கிக் கழுவாத கையால் தின்பது ஐந்து. ஓட்டல் கழிப்பறை ஏழு. வெறுங்காலோடு கோயிலைச் சுற்றிவிட்டு அந்தக் காலோடு படுப்பது ஒன்பது. பெரிய கோயிலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது, இரவு மண்டபத்தில் எல்லோரும் ஜமுக்காளத்தில்தான் படுப்பார்கள் என்பதால் கடைசிப் படியைத் தவிர்க்க வழியே இல்லை.

டிசம்பர் இறுதியில் ஒரு ஞாயிறு மாலை திருப்பரங்குன்றம் போனோம். படியேறும்போதும் ஈரக்கல்லிலும் அவள் குதிகாலை ஊன்றாமல் விரல் நுனியில் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி வைத்துக்கொண்டு, நெடுநேரம் அப்படியே இருந்தாள். பாதத்தில் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த ஒரு கறை. "எத்தனைடா?" என்றேன். "ஒம்பது. ஒம்பதரை." இரண்டு கால்களையும் சட்டென்று தூக்கி வெள்ளை விரிப்பின்மேல் வைத்தாள். விரிப்பில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. என் கை துணியைத் தேடிப் போனதை நானே பிடித்து நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்து எட்டு. தம்பி அடுத்த அறையில் இருமினான், மறுபடி ஒன்பது. நாற்பது நிமிடத்தில் ஆறுக்கு வந்து அங்கேயே நின்றது. பயம் முழுக்க இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இறங்காத பயத்தோடும் இருக்க முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆறிலேயே தூங்கிப் போனாள். அந்த விரிப்பை ஒரு வாரம் மாற்றவில்லை.

சுற்றுலா எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. புதுக்கோட்டை தாண்டிக் காலை உணவுக்கு நின்ற இடத்தில் அவள் கழிப்பறையிலிருந்து இருபத்தைந்து நிமிடம் வெளியே வரவில்லை. பேருந்து முழுக்கக் காத்திருந்தது, ஒரு பெண் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஆசிரியை கதவுக்கு வெளியே நின்று, "நான் இங்கதான் இருக்கேன், முடிஞ்சதும் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அரண்மனையில் சிலைகளைப் பார்க்க அவள் இறங்கவே இல்லை. ஆனால் பெரிய கோயிலில், உச்சி வெயிலில் கல் தகித்தபோது, எல்லாப் பிள்ளைகளும் நந்தி மண்டப நிழலுக்கு ஓடியதில் இவளும் ஓடியிருக்கிறாள். சூட்டில் அழுக்கு ஞாபகமே வரவில்லை என்றாள். 1010இல் கட்டி முடித்த அந்த விமானத்தின் 216 அடி உயரத்தைப் பற்றி ஆசிரியை சொன்னதை வந்து வரி விடாமல் ஒப்பித்தாள்.

இரவு ஒன்பது மணிக்கு ஓர் அழைப்பு என்று பேசி வைத்திருந்தோம். "அம்மா, ஜமுக்காளம் ஈரமா இருக்கு. தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" வழக்கமான பதிலைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, இது நைநை" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று இரவு அவள் பாதி நேரம் உட்கார்ந்தே இருந்ததாக ஆசிரியை பிறகு சொன்னார். நானும் தூங்கவில்லை.

திரும்பி வந்த அன்று பையை வாசலில்தான் வைத்தாள். குளிக்கப் போகுமுன் அதைத் திறந்து, தம்பிக்காக வாங்கிவந்த தலையாட்டிப் பொம்மையை எடுத்தாள். துடைக்க ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். அவள் அதைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அப்படியே அவனிடம் கொடுத்தாள்.

பிப்ரவரியில் ஓசிடி மதிப்பீட்டை மறுபடி செய்தபோது, முன்பு 27 இருந்த மதிப்பெண் 15 ஆகக் குறைந்திருந்தது. மாத்திரை தொடர்கிறது, நன்றாக இருக்கிறாள் என்று நாங்களாக நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருக்கிறார். முழு ஆண்டுத் தேர்வு நெருங்க நெருங்க எழுதி அடிப்பது மறுபடி கூடியிருக்கிறது, அதனால் மாதம் ஒன்றாகக் குறைத்த அமர்வை இரு வாரத்துக்கு ஒன்றாக மாற்றியிருக்கிறோம். எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கான ஒரு பக்கத் தாளை இந்த முறை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள்; மஞ்சள் அட்டை வேண்டாம் என்று அதில் அடித்துவிட்டு, பிறகு யோசித்து, அரையாண்டு வரை இருக்கட்டும் என்று மேலே எழுதியிருக்கிறாள்.