கோழிகள் நன்றாக இருந்தன, வான்கோழிகள் செத்துக்கொண்டிருந்தன

வீட்டில் 11 வான்கோழிக் குஞ்சுகள் வளர்த்தேன். இரண்டரை மாதம் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒருநாள் காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. பாம்பு தீண்டியிருக்கும் என்று புதைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து இன்னொன்று, மறுநாளே மூன்றாவது.

தீவனத்தில் பூஞ்சையோ என்று மூட்டையையே மாற்றினேன். எலி மருந்தைத் தின்றிருக்குமோ என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன். நோயாக இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை, ஏனென்றால் அதே இடத்தில் மேய்ந்த நாட்டுக்கோழிகள் எல்லாம் கொழுகொழுவென்று திரிந்தன. தொற்று என்றால் அவற்றுக்கும் வராதா? இந்த நினைப்பிலேயே இருந்து மேலும் இரண்டை இழந்தேன்.

ஐந்தாவதைத்தான் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். போன் செய்தபோதே, பனிக்கட்டியில் வைத்துக் குளிர்ச்சியாக எடுத்து வாருங்கள், உறைய விடாதீர்கள், உறைந்தால் உள்ளுறுப்புகளைச் சரியாகப் பார்க்க முடியாது என்றார். வெறுங்கையால் தொடவும் கூடாதாம். முகம் வீங்கியதா, ஒரே நேரத்தில் பல பறவைகள் செத்தனவா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அறுத்தார். பறவைக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் அங்கே அறுத்திருக்கவே மாட்டார்.

கல்லீரல் முழுக்க நடுவில் குழிவிழுந்த வட்ட வட்டமான மஞ்சள் புள்ளிகள். குருட்டுக்குடல் தடித்து, உள்ளே பாலாடைக்கட்டி போல எதுவோ அடைத்திருந்தது. "கருந்தலை நோய்" என்றார். தலை ஒன்றும் கறுக்கவில்லையே என்றேன். பெரும்பாலும் கறுக்காதாம், பெயர்தான் அப்படி. எச்சம் கந்தக மஞ்சளாக இருந்ததா என்று அவர் கேட்டபோதுதான் உறைத்தது. ஒரு வாரமாக அப்படித்தான் இருந்தது, நான்தான் புதுத் தீவனத்தின் மேல் பழி போட்டிருந்தேன்.

நோயைக் கொடுப்பது ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. அது கோழிகளின் குருட்டுக்குடலில் வாழும் ஒரு புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வருகிறது. அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மண்புழுவின் உடம்பிலும் இருக்கும், மண்புழுவைக் கண்டால் வான்கோழி விடுமா? கோழிகள் பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்ளும், வான்கோழிகளால் முடியாது. கோழிகள் நன்றாக இருந்ததை வைத்து நோய் இல்லை என்று நான் முடிவு கட்டினேன், கடைசியில் அவைதான் அதைப் பரப்பியிருக்கின்றன!

முன்பு கொடுத்துவந்த மருந்துகள் பலவற்றை, இறைச்சிக்கு வளர்க்கும் பறவைகளுக்குத் தரக்கூடாது என்று பல நாடுகளில் தடை செய்துவிட்டார்கள். அதனால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். சோர்ந்து நின்றவற்றை உடனே தனியாகப் பிரித்தேன், நோய் பிடித்துவிட்டால் புழு இல்லாமலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுமாம். கோழிகள் உட்பட எல்லாவற்றுக்கும் மருத்துவர் சொன்ன அளவில் குடற்புழு மருந்து கொடுத்தேன். அது புழுவைத்தான் கொல்லும், ஏற்கெனவே உள்ளே போன கிருமியை ஒன்றும் செய்யாது. பிரித்து வைத்த இரண்டும் பிழைக்கவில்லை.

மிச்சம் நான்கு. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கூண்டில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போக எனக்குத் தனிச் செருப்பு. மழை பெய்து மண்புழு வெளியே வரும் நாட்களில் கூண்டுக்குள்ளிருந்து அவை போடும் சத்தம் தாங்க முடியவில்லை, ஆனாலும் திறந்துவிடுவதில்லை.