பாட்டு கேட்கிறது, பேச்சு போகவில்லை: புளூடூத் ஹெட்செட்டைச் சரிசெய்த அனுபவம்

ஈரோட்டில் ஜவுளி வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துத் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஒரு கை பில் கட்டைப் புரட்டவும் மறு கை கணினியில் பதியவும் வேண்டியிருப்பதால், கழுத்தில் மாட்டும் புளூடூத் நெக்பேண்ட் இல்லாமல் என்னால் வாடிக்கையாளர்களிடம் பேச இயலாது. நன்றாக உழைத்துக்கொண்டிருந்த அந்த நெக்பேண்ட் சில மாதங்களுக்கு முன் மூன்று விதமாகத் தொல்லை தரத் தொடங்கியது. சில அழைப்புகளில் எதிர்முனைக்கு என் குரல் அறவே போகவில்லை, “ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். செயலி வழியே நடக்கும் கூட்டங்களில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருப்பதாகச் சொன்னார்கள். மற்ற நேரங்களில் குரல் போனது, ஆனால் விட்டுவிட்டுப் போனது. இந்த மூன்றும் ஒரே கோளாற்றின் மூன்று தோற்றங்கள் அல்ல, மூன்றுக்கும் வெவ்வேறு காரணங்கள் இருந்தன என்பது தெரிய வந்தபோதுதான் வேலை எளிதாயிற்று.

கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது, “பாட்டு நல்லாக் கேக்குதுல்ல, அப்ப புளூடூத்துல ஒண்ணும் கோளாறு இல்லீங்க” என்பதுதான். இந்த வாதம் பொருந்தாது. புளூடூத்தில் பாட்டு செல்லும் வழி வேறு, பேச்சு செல்லும் வழி வேறு. பாட்டுக்கு ஏ2டிபி என்ற முறை பயன்படுகிறது. அதில் ஒலி ஃபோனிலிருந்து ஹெட்செட்டுக்கு மட்டுமே செல்லும், மைக்குக்கு அங்கே இடமே இல்லை. அழைப்புக்கு எச்எஃப்பி என்ற முறை தனியாக இயங்குகிறது; அதுதான் இருபுறமும் குரலைக் கொண்டுசெல்கிறது. மைக் திறக்க வேண்டிய கணத்தில் ஃபோன் முதல் வழியை நிறுத்திவிட்டு இரண்டாவதற்கு மாறுகிறது. ஆகவே திரையில் ‘இணைக்கப்பட்டது’ என்று காட்டுவதும், பாட்டு தெளிவாகக் கேட்பதும் மைக்கைப் பற்றி நமக்கு எதையும் உறுதிப்படுத்துவதில்லை. அழைப்பு தொடங்கியதும் ஒலியின் தரம் சட்டென இறங்குவதைக் கோளாறு என்று நினைப்பவர்களும் உண்டு. அது இந்த வழிமாற்றத்தின் இயல்பான விளைவே.

எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று பார்க்க, ஆண்ட்ராய்டு ஃபோனின் அமைப்புகளில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குச் சென்று, ஹெட்செட்டின் பெயருக்கு அருகிலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டேன். அங்கே ஃபோன் அழைப்புகளுக்கு ஒன்றும் மீடியா ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஃபோன் அழைப்புகளுக்கான பொத்தான் அணைந்திருந்தால் பாட்டு மட்டும் கேட்கும், பேச்சு போகாது. என் ஃபோனில் இரண்டும் திறந்தே இருந்தன. சிலருக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும் என்பதால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

அடுத்து மைக்கையே சோதிக்க வேண்டும். ஃபோனிலுள்ள குரல்பதிவுச் செயலியைத் திறந்து, ஹெட்செட்டில் பேசிப் பதிவுசெய்து, கேட்டுப் பார்ப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் சோதனை. அது நம்பத் தகாத சோதனை. ஹெட்செட் இணைந்திருந்தாலும் பல குரல்பதிவுச் செயலிகள் ஃபோனின் சொந்த மைக்கிலிருந்தே ஒலியை எடுக்கின்றன. புளூடூத் மைக்கைப் பயன்படுத்த வேண்டுமானால் செயலி அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். எனவே பதிவு தெளிவாக இருந்தால் ஹெட்செட் மைக் நன்றாக இருப்பதாகவோ, மங்கலாக இருந்தால் அது பழுதென்றோ முடிவு கட்டக் கூடாது. மைக் பயன்பாட்டில் இருக்கும்போது திரையின் மேல்மூலையில் தோன்றும் பச்சைப் புள்ளியும், ஏதோ ஒரு மைக் திறந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்த மைக் என்று சொல்லாது.

எனக்கு உண்மையில் உதவியது மிகச் சாதாரணமான ஒரு முறை. அலுவலகத்தில் என்னுடன் வேலை பார்க்கும் தம்பியை அடுத்த அறைக்கு அனுப்பி, அவருடைய ஃபோனுக்கு அழைத்து, பேசாமல் நகத்தால் முதலில் நெக்பேண்டின் மைக் துளைக்கு அருகிலும், பிறகு என் ஃபோனின் அடிப்பக்கத்திலுள்ள மைக் துளைக்கு அருகிலும் மெல்லச் சுரண்டினேன். எந்தச் சுரண்டல் அவருடைய காதில் கரகரவென்று பெரிதாகக் கேட்கிறதோ, அந்த மைக்தான் அப்போது வேலை செய்கிறது. சாதாரண அழைப்பில், சிக்கல் இருந்த வேளையில், இரண்டுமே கேட்கவில்லை. கூட்டம் நடத்தும் செயலியில் ஃபோனைச் சுரண்டியது பலமாகக் கேட்டது, நெக்பேண்டைச் சுரண்டியது கேட்கவே இல்லை. அதாவது கூட்டத்தில் நான் ஹெட்செட் வழியாகப் பேசவே இல்லை. மேசையின் ஓரத்தில் கோப்புகளுக்கு நடுவே கிடந்த ஃபோன்தான் என் குரலைத் தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. கிணற்றுக் குரலுக்கான காரணம் இதுதான்.

இந்தச் சோதனையோடு ஹெட்செட்டை வேறொரு ஃபோனிலும், வேறொரு ஹெட்செட்டை என் ஃபோனிலும் இணைத்துப் பார்த்தேன். தம்பியின் ஃபோனில் என் நெக்பேண்ட் ஒழுங்காகப் பேசியது. இதைச் செய்யும்போது பழைய ஃபோனின் புளூடூத்தை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஹெட்செட் இரண்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டிருக்கும், முடிவும் குழப்பமாகவே இருக்கும். அந்தத் தாவல்தான் என்னுடைய முதல் கோளாற்றுக்கான துப்பும் ஆயிற்று.

இப்போது விற்பனையாகும் பல ஹெட்செட்டுகள் ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களுடன் இணைந்திருக்க வல்லவை. என் நெக்பேண்டும் ஃபோனுடன் மட்டுமல்லாமல் அலுவலக மடிக்கணினியுடனும் இணைந்திருந்தது. மடிக்கணினியின் விண்டோஸ் பட்டியலில் அது குரல், இசை ஆகிய இரண்டுக்கும் இணைக்கப்பட்டதாகக் காட்டியது. காலையில் திறந்த கூட்டச் செயலி மடிக்கணினியில் மூடப்படாமல் கிடக்கும் நாட்களில், ஹெட்செட்டின் குரல் வழியை அது பிடித்து வைத்துக்கொள்ள, ஃபோனில் அழைப்பு வரும்போது பேச்சுக்கு வழி கிடைக்கவில்லை. மடிக்கணினியின் புளூடூத்தை அணைத்துவிட்டு அழைத்ததும் குரல் உடனே போனது. மாதத்தின் 20ஆம் தேதி நெருங்கும்போது, அதாவது 3பி எனப்படும் மாதாந்தர ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு வரும்போது, தொல்லை மிகுந்ததற்கும் காரணம் புரிந்தது. அந்த நாட்களில்தான் மடிக்கணினியில் கூட்டங்கள் ஓயாமல் நடக்கும்.

ஒவ்வொரு முறையும் புளூடூத்தை அணைத்து எரிய விடுவது நடக்கிற காரியமல்ல என்பதால் நிலையான தீர்வு ஒன்றைத் தேடினேன். விண்டோஸின் பழைய கண்ட்ரோல் பேனலில் சாதனங்களும் பிரிண்டர்களும் உள்ள பகுதியைத் திறந்து, ஹெட்செட்டின் பண்புகளில் ‘சர்வீசஸ்’ என்ற தாவலுக்குச் சென்றால், ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிஃபோனி’ என்ற ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரேயுள்ள குறியை நீக்கிவிட்டால், மடிக்கணினிக்கு அந்த ஹெட்செட் ஒலி கேட்கும் கருவியாக மட்டுமே தெரியும். மைக்கை அது கோராது. மடிக்கணினியில் பேச வேண்டியபோது அதன் சொந்த மைக்கைப் பயன்படுத்திக்கொள்கிறேன். ஒரே கல்லில் விழுந்த இரண்டாவது மாங்காயாக, மடிக்கணினிக் கூட்டங்களில் எனக்குக் கேட்கும் ஒலியின் தரமும் உயர்ந்தது, ஏனெனில் அது இப்போது பாட்டு வழியிலேயே வருகிறது.

செயலியின் சிக்கல் அனுமதியில் இருந்தது. மைக்ரோஃபோன் அனுமதியை எல்லோரும் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன், அது கொடுக்கப்பட்டே இருந்தது. ஆனால் 2021இல் வெளியான ஆண்ட்ராய்டு 12 முதல், புளூடூத் சாதனங்களோடு செயலிகள் தொடர்புகொள்ள ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற அனுமதியும் தனியே வேண்டும். செயலியை நிறுவிய அவசரத்தில், அருகிலுள்ள சாதனங்களைத் தேடவா என்ற கேள்வியைப் பார்ப்பவர்கள், நம் அந்தரங்கத்தைத் துழாவும் கேள்வி என்று எண்ணி மறுத்துவிடுவது இயல்பு. அந்தப் பெயரில் ஹெட்செட் என்ற சொல்லே இல்லையே. அமைப்புகளில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, அந்தச் செயலிக்கு இந்த அனுமதியைக் கொடுத்து, செயலியை முற்றிலும் மூடித் திறந்ததும், கூட்டத்தின் திரையில் ஒலிவழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஹெட்செட்டின் பெயர் தோன்றியது. சுரண்டல் சோதனையை மறுபடி செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆண்ட்ராய்டு 12இலிருந்து, மேலிருந்து இழுக்கும் விரைவு அமைப்புகளில் மைக்கை முழுவதுமாகத் தடுக்கும் பொத்தானும் வைத்துக்கொள்ளலாம். அது தவறுதலாக அழுத்தப்பட்டிருந்தால் செயலிகளுக்கு வெறும் மௌனமே போய்ச் சேரும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள், அணுகல்தன்மை அமைப்புகளில் தொடுதல் பகுதிக்குள் இருக்கும் அழைப்பு ஒலிவழித் தேர்வு எதில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடையில் கிடைத்த அறிவுரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெவெலப்பர் விருப்பங்களைத் திறந்து புளூடூத் ஒலிக் கோடெக்கை, அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை, மாற்றுமாறு பலர் சொன்னார்கள். பில்ட் எண்ணை ஏழு முறை தட்டித் திறக்கும் அந்தப் பகுதியில் காட்டப்படும் எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் போன்ற தேர்வுகள் பாட்டு வழிக்கு உரியவை. அவற்றை எப்படி மாற்றினாலும் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி இணைப்பது பயனுள்ளது, ஆனால் ஃபோனின் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கினால் போதாது, ஹெட்செட்டின் நினைவிலிருந்தும் அதன் கையேட்டில் சொன்னபடி பொத்தானை அழுத்திப் பிடித்து அழிக்க வேண்டும். வைஃபை, புளூடூத் அமைப்புகள் அனைத்தையும் அழிக்கும் ரீசெட்டைக் கடைசி வழியாகவே கருதுகிறேன். சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்களும் அதோடு போய்விடும். எனக்கு அதற்குத் தேவை வரவில்லை. பழுதுபார்க்கும் கடை ஒன்றில், திறந்துகூடப் பார்க்காமல், போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். வேறொரு ஃபோனில் நன்றாகப் பேசும் ஹெட்செட்டுக்குப் போர்டு எப்படிப் போகும் என்று கேட்க நினைத்துக் கேட்காமலே வந்துவிட்டேன்.

மூன்றாவது தொல்லையான விட்டுவிட்டுக் கேட்கும் குரல், அமைப்புகளில் தீரவில்லை. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்; பெரும்பாலான வைஃபை ரௌட்டர்களும் அங்கேதான் இயங்குகின்றன. பாட்டு வழியில் ஃபோன் கொஞ்சம் ஒலியை முன்கூட்டியே அனுப்பிச் சேமித்து வைப்பதால், நடுவில் ஒரு துண்டு தொலைந்தாலும் மறுபடி அனுப்ப நேரம் இருக்கும். பேச்சுக்கு அந்த அவகாசம் கிடையாது. தாமதம் கூடினால் உரையாடலே நடக்காது என்பதால், தொலைந்த துண்டை மீட்க மிகக் குறைந்த வாய்ப்பே தரப்படுகிறது. ஒரே இடத்தில் பாட்டு தடையின்றிக் கேட்டு, பேச்சு மட்டும் அறுபடுவது இதனால்தான். எங்கள் ரௌட்டர் என் மேசையிலேயே இருந்தது. அதை எதிர்ச் சுவருக்கு மாற்றி, ஃபோனையும் மடிக்கணினியையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேர்த்ததும் அறுபடுவது பெருமளவு குறைந்தது. மனித உடலும் இந்த அலையை உறிஞ்சுவதால், மைக் பெட்டி வலப்புறம் உள்ள நெக்பேண்டுக்கு ஃபோனை இடப்புற இடுப்புப் பையில் வைப்பதையும் நிறுத்திவிட்டேன்.

இவை தீர்ந்த பிறகும் குரலில் ஒரு மந்தம் மிச்சமிருந்தது. நெக்பேண்டின் மைக் துளையில் வியர்வை உப்பும் சட்டைக் காலரின் பஞ்சும் சேர்ந்து கெட்டியாகியிருந்தன. உலர்ந்த மென்மையான பல்துலக்கியால், துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் துடைத்தேன். ஊசியோ குண்டூசியோ நுழைக்கக் கூடாது. துளைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் மைக் அவ்வளவுதான்.

மிச்சமிருந்ததில் ஒரு பங்கு கருவியின் எல்லை. பழைய முறையில் புளூடூத் குரல் நொடிக்கு 8,000 மாதிரிகளாகத்தான் எடுக்கப்படுகிறது, அதாவது நொடிக்கு அத்தனை முறைதான் ஒலி அளக்கப்படுகிறது. அகன்ற குரலுக்கான எம்எஸ்பிசி முறையில் அது 16,000 ஆகிறது. ஹெட்செட், ஃபோன், வாடிக்கையாளரின் தொலைபேசி இணைப்பு ஆகியவற்றில் ஒன்று குறுகியதாக இருந்தாலும் மொத்தமும் குறுகிவிடும். என் தொழிலில் இதன் பாதிப்பு விந்தையானது. ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில், தமிழ்நாட்டைக் குறிக்கும் 33க்குப் பிறகு பான் எண்ணின் பத்து இடங்கள் வருகின்றன. அந்தப் பானின் நான்காவது எழுத்து கூட்டாண்மை நிறுவனங்களுக்கு ‘எஃப்’ ஆக இருக்கும். எஃப், எஸ் என்ற இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் ஒலி பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் இருப்பதால், குறுகிய குரல் வழியில் அது வெட்டுப்பட்டு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆகவே எழுத்துகளை ‘ஃபேன்’, ‘சேலம்’ என்று சொல்லோடு சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை அலுவலகத்தில் கொண்டுவந்தோம்; எண்ணைக் குறுஞ்செய்தியிலும் வாங்கிக்கொள்கிறோம்.

அடுத்த ஹெட்செட் வாங்கும்போது, இரண்டாவது சாதன இணைப்பை அதன் செயலியிலேயே அணைக்க முடிகிறதா என்று முதலில் பார்ப்பேன். எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் எல்சி3 என்ற கோடெக் இசைக்கும் பேச்சுக்கும் பொதுவாகப் பயன்படுவதால், மைக் திறந்ததும் தரம் விழும் தொல்லை பெருமளவு குறையும். ஆனால் ஹெட்செட் பெட்டியில் அப்படி அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது, ஃபோனும் அதை ஆதரிக்க வேண்டும். என் இப்போதைய ஃபோன் ஆதரிப்பதில்லை என்பதால், ஃபோனை மாற்றும் வரை இந்த நெக்பேண்டே போதும் என்று வைத்திருக்கிறேன்.