கண்மலர்ப் பை ரயிலோடு போய்விட்டால்

கண் நோய் தீர்ந்தால் மீனாட்சிக்கு வெள்ளிக் கண்மலர் (கண் வடிவில் செய்த தகடு) செலுத்துவதாக நேர்ந்துகொண்டு மதுரைக்கு வரும் குடும்பங்கள் எத்தனையோ. மஞ்சள் துணியில் முடிந்த கண்மலர், அம்மனுக்குப் புடவை, உண்டியல் காசு எல்லாம் ஒரே துணிப்பையில் இருக்கும். விடிவதற்கு முன் இறங்கும் அவசரத்தில் வண்டியில் தங்கிவிடுவதும் அந்தப் பைதான். இரவில் ஏறுகிறவர்கள் தங்கள் பெட்டியைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளத் தள்ள, நம் பை சுவரோரம் போய் ஒட்டிக்கொள்ளும். குனிந்து டார்ச் அடித்தால் ஒழியத் தெரியாது. பெரிய பெட்டிகளை எண்ணி இறக்குகிறோம். துணிப்பை எண்ணிக்கையிலேயே வருவதில்லை.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் போல மதுரையோடு முடிகிற வண்டி என்றால் பயமில்லை. யார்டுக்குப் போகும் முன்பே திரும்பிப் போய் எடுத்துவிடலாம். நெல்லை, கன்னியாகுமரி பக்கம் போகிற வண்டி என்றால் உடனே ரயில்வே உதவி எண் 139-க்கு அடியுங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் நிலையத்திலுள்ள ரயில்வே பாதுகாப்புப் படை அறைக்கு நேரில் போய்விடட்டும். வண்டி எண், பெட்டி, படுக்கை எண், பி.என்.ஆர். நாலும் சொல்ல வேண்டும். 'ஒரு பை' என்று மொட்டையாகச் சொன்னால் தேடுகிறவர் எதைத் தேடுவார்? என்ன நிறம், எந்தப் பக்கக் கீழ்ப் படுக்கை, உள்ளே மேலாக என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். பல விரைவு வண்டிகளுக்கு அடுத்த பெரிய நிறுத்தம் விருதுநகர்தான், நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்குள் அங்கே தகவல் போய்ச் சேர வேண்டும்.

பை வரட்டும், பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று நிலையத்திலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். இதை அபசகுனம் என்று சொல்லி வீட்டுப் பெண்களை அழவைக்கவும் வேண்டாம். மேல வெளி வீதியில் கையைப் பிடித்து இழுக்கும் ஆட்டோக்காரர்களையும் லாட்ஜ் புரோக்கர்களையும் தாண்டி டவுன்ஹால் ரோட்டில் நேரே நடந்தால் கால் மணியில் கோயில் மதில் வந்துவிடும். சித்திரை வீதியில் கிழக்கே சுற்றி அம்மன் சன்னதி வழியாக நுழையுங்கள். 'சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்' என்று கூடவே வருகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்; கட்டணச் சீட்டு கோயில் கவுன்டரிலேயே கிடைக்கும்.

இங்கே ஒரு சிக்கல். 2018 முதல் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. எல்லாப் போனையும் கவுன்டரில் ஒப்படைத்துவிட்டால், பை கிடைத்த செய்தி வரும்போது எடுக்க ஆள் இருக்காது. 139-ல் கொடுத்த எண்ணோடு ஒருவர் வெளியே இருக்கட்டும். மற்றவர்கள் வந்தபின் அவர் போகலாம்.

வரிசை நகராது, வேர்க்கும், முதுகில் முழங்கை இடிக்கும். கண்மலர் இல்லாத வெறுங்கை கனக்கும். திரை விலகித் தீபம் காட்டும்போது முதலில் தெரிவது அந்த மூக்குத்திச் சுடர்தான். அப்புறம் கையில் கிளி. அப்புறம் அவள் கண். மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிப்பதுபோல் பார்வையாலேயே காப்பவள் என்றுதானே அந்தப் பெயர்! குணமான கண்ணால் அவளைப் பார்த்து நிற்பவருக்கு அந்த ஒரு நொடியில் பை நினைவே இராது. தாயே, கண்ணைக் கொடுத்தவள் நீ, வெள்ளியா உனக்குப் பெரிது!

சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் முக்குறுணி விநாயகருக்கு ஒரு தோப்புக்கரணம். வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர் அவர் என்பார்கள். தொலைத்தவர்கள் அவரிடம் முறையிடாமல் யாரிடம் முறையிடுவது?

பை கிடைத்துவிட்டால் அசல் அடையாள அட்டையும் பயணச்சீட்டும் கொண்டுபோங்கள். பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். இப்படித் தவறிய பைகளை உரியவரிடம் சேர்ப்பதற்கென்றே 'ஆபரேஷன் அமானத்' என்று ரயில்வே பாதுகாப்புப் படையில் ஒரு வேலை நடக்கிறது. முகம் தெரியாத நம் பைக்காகப் படுக்கைக்கு அடியில் குனிந்து தேடும் அந்தக் காவலர்கள் குடும்பத்தோடு நன்றாக இருக்க வேண்டும். காலையில் வாங்க முடியாவிட்டாலும் நேர்த்தி தள்ளிப்போகாது. மதியம் சாத்திய நடை நாலு மணிக்குத் திறக்கும். பையே கிடைக்கவில்லை என்றாலும் தெற்காவணி மூல வீதியில் வெள்ளிக் கடைகள் இருக்கின்றன; புதிதாக ஒரு ஜோடி வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து மாலையிலேயே செலுத்திவிடலாம்.