மூன்று வெண்டர்கள், ஒரு எண்

புது சர்வர் வாங்குவதில் ரேக்கில் ஏற்றுவதுதான் பாடு என்று நினைப்பவர்கள், எந்த வேகச் சோதனையை வைத்து மெஷின்களை ஒப்பிடுவது என்று மூன்று வெண்டர்களை ஒரே மேசையில் பேச வைத்துப் பாருங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பட்ஜெட், ஒப்புதல், கொட்டேஷன் எல்லாம் மளமளவென முடிந்தன. ஒருவர் செயலியின் வேகத்தை அளக்கும் ஸ்பெக் சிபியு 2017 சோதனையின் ரிப்போர்ட்டை நீட்டினார். பார்த்தால் 'பீக்' எண்! அதில் ஒவ்வொரு நிரலுக்கும் கம்பைலர் ஃபிளாக்கை, அதாவது நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும்போது தரும் தேர்வுகளை, தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். ஒப்பிடுவதற்குக் கேட்க வேண்டியது 'பேஸ்'; அதில் ஒரே மொழியில் எழுதிய நிரல்களுக்கெல்லாம் ஒரே ஃபிளாக்தான். இன்னொருவர் நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கவிட்டு வேகம் பார்க்கும் லின்பேக் சோதனையோடு வந்தார். 1993 முதல் சூப்பர் கம்ப்யூட்டர்களின் டாப்500 பட்டியல் அதை வைத்துத்தான் வருகிறது, மறுக்கவில்லை. கிடங்கில் சரக்கு இருப்பு பார்க்கும் டேட்டாபேஸுக்கு நேரியல் சமன்பாடு எதற்கு? மூன்றாமவர் காட்டியது டிஸ்க்கில் எழுதும் வேகம். சோதனைக் கோப்பு 8 ஜிபி, மெஷினின் ராம் 256 ஜிபி. எழுதியதெல்லாம் மெமரியிலேயே நின்றிருக்கும். மெமரியில் தேக்காமல் நேராக டிஸ்க்கில் எழுதவைக்கும் டைரக்ட் ஐஓ போட்டீர்களா என்றால், "டீஃபால்ட்தான்" என்கிறார். டீஃபால்ட்டில் அது ஆஃப்!

பிறகு சராசரிச் சண்டை. ஒரு வேலைக்கு 'அ' மெஷின் 10 விநாடி, 'ஆ' 20. அடுத்த வேலைக்கு அப்படியே தலைகீழ். 'அ'வை 1 என்று வைத்து விகிதங்களைக் கூட்டி வகுத்தால் 'ஆ'வுக்கு 1.25, அதாவது 'ஆ' மெதுவு. 'ஆ'வை 1 என்று வைத்தால் 'அ' மெதுவு. இரண்டு வெண்டருமே ஸ்லைடு போட்டு ஜெயித்துவிட்டார்கள்! பெருக்குச் சராசரி, அதாவது இரண்டு விகிதங்களைப் பெருக்கி வர்க்கமூலம், எடுத்தால் இரண்டும் 1. ஸ்பெக் அதைத்தான் பயன்படுத்துகிறது என்று காட்டிய பிறகே வாயடைத்தார்கள்.

எங்கள் டேட்டாபேஸ் அக்காதான் வழி சொன்னார். "தம்பி, ஊரான் சோதனை எதுக்கு? நம்ம மாசக் கடைசி வேலையையே ஓட்டச் சொல்லேன்." நல்ல யோசனை. ஆனால் தரவில் வாடிக்கையாளர் பெயரும் ஃபோன் நம்பரும் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிச் சட்டப் பிரிவு பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் மறைத்துக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் நாளே இதைத் தொடங்கிவிடுங்கள்.

சிங்கப்பூர் தை செங்கில் இருக்கும் டேட்டா சென்டருக்கு ஒருமுறை வீணாகவும் போனேன். நுழைவு அனுமதி வாங்கி உள்ளே போனால், மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் பவர் செட்டிங் வேகத்தைக் குறைக்கும் சிக்கன நிலையில் கிடக்கிறது. மாற்றலாம் என்றால் அங்கிருந்த வெண்டர் ஆளிடம் பாஸ்வேர்டு இல்லை. கோப்பிக் கடையில் ஒரு தே சி (பால் தேநீர்) குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதன் பிறகு ஒரே பக்கத்தில் எழுதினேன்: பயாஸ் செட்டிங், ஓஎஸ் பதிப்பு, தரவின் அளவு, வார்ம்-அப் நேரம், பலமுறை ஓட்டி நடு மதிப்பு, பெருக்குச் சராசரி. எண்ணைப் பார்க்கும் முன்பே மூவரிடமும் கையெழுத்து. முடிவு வந்ததும் அந்த 'பீக்' எண் காட்டியவர், "கம்பைலரை மாற்றி இன்னொரு தடவை ஓட்டலாமா?" என்று மெயில் போட்டார். அவர் கையெழுத்துப் போட்ட பக்கத்தையே ஸ்கேன் செய்து பதிலாக அனுப்பினேன், அவருடைய மேனேஜருக்கும் சிசி போட்டு.