லேக் ஃபோர்க் காற்றும் இரண்டு லித்தியம் பேட்டரியும்

டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் லேக் ஃபோர்க் என்ற ஏரி. டெக்சஸில் பாஸ் மீன் பிடிக்கிறவர்களுக்கு அதுதான் திருப்பதி. 1992-ல் அங்கே தூண்டிலில் மாட்டிய 18.18 பவுண்டு மீனின் மாநிலச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. ஏறத்தாழ 27,000 ஏக்கர் தண்ணீர். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் நீருக்குள் மொட்டையாக நிற்கின்றன, மீனும் அந்த மரங்களுக்கு நடுவில்தான் கிடக்கும். பின்னால் இருக்கும் பெரிய எஞ்சினைப் போட்டுக்கொண்டு அதற்குள் நுழைய முடியாது. படகின் மூக்கில் மாட்டியிருக்கும் மின்சார ட்ரோலிங் மோட்டார்தான் அங்கே ஒரே துணை.

என்னுடையது 18 அடி அலுமினியப் படகு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மோட்டார் மின் கோட்டா (Minn Kota) என்ற கம்பெனியுடையது, 24 வோல்ட், 80 பவுண்டு உந்துவிசை. ஸ்பாட்-லாக் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து மோட்டார் தானே திரும்பித் திரும்பி ஓடி, படகை நின்ற இடத்திலேயே பிடித்து வைக்கும். நங்கூரம் போடுகிற வேலையே இல்லை. ஆனால் மார்ச், ஏப்ரலில் தெற்கிலிருந்து அடிக்கிற காற்றில் அந்த மோட்டார் ஒரு நிமிஷம்கூட ஓய்வதில்லை. என்னிடம் இருந்த இரண்டு பழைய ஏஜிஎம் (லெட் ஆசிட்டிலேயே ஒரு வகை) பேட்டரிகளும் மதியத்துக்குள் சோர்ந்துவிடும். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு காற்று படகைத் தள்ளும், மோட்டார் முனகும், நான் கரையைப் பார்ப்பேன். புதிதாக ஏஜிஎம்மே வாங்குவதா, லித்தியத்துக்கு மாறுவதா என்ற கேள்வி அப்படித்தான் வந்தது.

கடைக்குப் போகும் முன் மோட்டாரின் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். 24 வோல்ட் 80 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் அதிகபட்சம் 56 ஆம்பியர் இழுக்கும், 60 ஆம்ப் பிரேக்கர் போட வேண்டும் என்று அதில் இருக்கிறது. பேட்டரி வாங்குவதில் மற்ற எல்லாக் கணக்கும் இந்த 56-லிருந்துதான் தொடங்குகிறது. 100 ஆம்ப்-அவர் (ஆம்பியரை மணியால் பெருக்கிய அளவு) பேட்டரி என்றால் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம்கூட வராது. யாரும் நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டுவதில்லைதான். ஆனாலும் பேட்டரி அந்த ஆம்பியரைத் தடையில்லாமல் கொடுக்க வேண்டும்.

பழைய பேட்டரிகளின் லேபிளிலும் கிட்டத்தட்ட 100 ஆம்ப்-அவர் என்றுதான் இருந்தது. அப்புறம் ஏன் மதியத்தோடு சரி? லெட் ஆசிட் பேட்டரியின் அந்த எண் 20 மணி நேரம் மெதுவாக, அதாவது ஐந்து ஆம்ப் வீதம் எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் குறையும். அதனால் லேபிளில் ரிசர்வ் கெப்பாசிட்டி என்று இன்னொரு எண் இருக்கும். 25 ஆம்ப் வீதம் எடுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை அது சொல்லும். ட்ரோலிங் மோட்டாருக்கு அந்த எண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது. அதிலும் பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. ஆக 100 என்று வாங்கியதில் கையில் இருப்பது ஏறக்குறைய 50. லித்தியத்தில் இந்தக் கழிவு இல்லை. 100 என்றால் கிட்டத்தட்ட 100-ஐயும் எடுக்கலாம், கடைசி வரை வோல்ட்டேஜும் பெரிதாக இறங்காது.

லித்தியம் என்றதும் வீட்டில் முதலில் வந்தது பயம்தான். போன் வெடித்த செய்தி, ஸ்கூட்டர் எரிந்த செய்தி எல்லாம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. படகுக்கு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை, போனில் இருப்பது வேறு. பாஸ்பேட் தன் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் சூடு ஏறினாலும் அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காது. இந்த வேதியியல் டெக்சஸ் சரக்குதான். ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்எனஃப்பின் ஆய்வுக்கூடம் 1997-ல் வெளியிட்டது. அதற்கு வழிவகுத்த பாலி-அயான் (பாஸ்பேட் போன்ற அயனித் தொகுதிகள்) ஆராய்ச்சியை 1980-களிலேயே அவரோடு சேர்ந்து செய்தவர் மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019-ல் 97 வயதில் குட்எனஃப்புக்கு நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியதும் மந்திரம்தான். இதையெல்லாம் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "பிடிக்கிற மீனைத் திரும்பத் தண்ணியில விடுறதுக்குத்தான் இவ்வளவும்?" என்று ஒரே கேள்வியில் என் மனைவி முடித்துவிட்டாள். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரையுள்ள பாஸை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நானா வேண்டாம் என்கிறேன்?

விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அதே 12 வோல்ட், அதே 100 ஆம்ப்-அவர், நான் பார்த்தபோது ஒன்று 250 டாலருக்குள், இன்னொன்று 900 டாலர். இரண்டிலும் உள்ளே இருக்கும் செல்கள் பெரும்பாலும் சீனாவில் செய்தவைதான். வித்தியாசம் செல்லில் இருப்பதைவிட அதைக் காக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகையிலும், பெட்டிக்குள் எல்லாம் எவ்வளவு கெட்டியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதிலும், கெட்டால் போனை எடுத்துப் பேச ஆள் இருக்கிறாரா என்பதிலும் இருக்கிறது. படகு அலையில் டமால் டமால் என்று விழுந்து எழும். வீட்டு சோலாருக்காகச் செய்த மலிவுப் பெட்டி அந்த அடியை எத்தனை நாள் தாங்கும்? பேட்டரியை அறுத்துத் திறந்து காட்டும் வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. விளம்பரத்தைவிட அவை எனக்கு உதவின.

பிஎம்எஸ்ஸில் நான் தேடியவை மூன்று. முதலாவது, தொடர்ந்து எத்தனை ஆம்ப் கொடுக்கும் என்பது. 100 ஆம்ப் இருந்தால் என் 56-க்குத் தாராளம். சின்னப் பேட்டரிகளில்தான் பொறி இருக்கிறது. 24 வோல்ட் 50 ஆம்ப்-அவர் பெட்டி ஒன்று விலையும் எடையும் ஆசை காட்டியது. அதன் பிஎம்எஸ் தொடர்ச்சியாக 50 ஆம்ப் வரைதான். காற்றுக்கு எதிராக முழு வேகம் வைத்தால், சரியாக அது தேவைப்படும் நேரத்தில், பட்டென்று அணைந்துவிடும். இரண்டாவது, குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி. உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுத்துவிடும். டெக்சஸில் குளிரா என்று கேட்பவர்கள் மாநிலமே உறைந்துபோன பிப்ரவரி 2021-ஐ நினைத்துக்கொள்ளட்டும். மலிவு மாடல்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை, விளம்பரத்தில் அதைச் சொல்வதும் இல்லை. மூன்றாவது, புளூடூத். அதற்குக் காரணம் பின்னால்.

அடுத்த குழப்பம், இரண்டு 12 வோல்ட்டைச் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து 24 ஆக்கிப் போடுவதா, ஒரே 24 வோல்ட் வாங்குவதா. என்னோடு மீன் பிடிக்க வரும் கோயம்புத்தூர் அண்ணா ஒருவர் ஒற்றைப் பெட்டிக் கட்சி.

"ஒரே பொட்டி, ரெண்டே கேபிள். எதுக்குங்க தம்பி ரெண்டு வாங்கறீங்க?"

"அது நின்னுட்டா என்னண்ணா பண்றது?"

"உங்களுதுல ஒண்ணு நின்னா மட்டும் ஓடுமாக்கும்? சீரிஸுங்க!"

அவர் சொன்னது சரி. ஒன்று போனாலும் இன்னொன்றில் ஓட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சீரிஸில் ஒன்று அணைந்தால் மொத்தமும் அணைந்துவிடும். அந்தக் காரணத்துக்காக யாரும் இரண்டு வாங்க வேண்டாம்.

நான் இரண்டு வாங்கியதற்குக் காரணம் சார்ஜர். என் படகில் இருந்த பழைய ஆன்போர்டு சார்ஜரில் லித்தியம் மோடு இல்லை. லெட் ஆசிட்டுக்கான சில சார்ஜர்கள் இடையிடையே வோல்ட்டேஜை ஏற்றித் தகடுகளைச் சுத்தம் செய்யப் பார்க்கும், லித்தியத்துக்கு அது ஆகாது. போதாததற்கு, லித்தியம் முழுக்கக் காலியாகி பிஎம்எஸ் பூட்டிக்கொண்டால் பழைய சார்ஜர் அங்கே பேட்டரியே இல்லை என்று நினைத்துச் சும்மா இருக்கும். ஆக எப்படியும் புதுச் சார்ஜர் வேண்டும். மூன்று பேங்க், அதாவது மூன்று பேட்டரிகளைத் தனித்தனியாகச் சார்ஜ் செய்யும் மூன்று இணைப்புகள் உள்ள ஒன்று கிடைத்தது. இரண்டு பேங்கை லித்தியத்துக்கும் ஒன்றை எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் ஏஜிஎம்முக்கும் தனித்தனியாக அமைத்துக்கொள்ளலாம். பேங்குக்கு 10 ஆம்ப், இரவு ஒயரைச் சொருகினால் காலையில் எல்லாம் நிறைந்திருக்கும். ஒற்றை 24 வோல்ட் பெட்டி என்றால் அதற்கொரு சார்ஜர், ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கு இன்னொன்று. அதோடு, இரண்டு 12 வோல்ட்டும் தனித்தனி பேங்கில் நிறைவதால் ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வு வராது. சீரிஸில் அதுதான் முக்கியம், எது முதலில் காலியாகிறதோ அது மற்றதையும் இழுத்து நிறுத்திவிடும். புளூடூத் இங்கேதான் உதவுகிறது, இரண்டின் அளவையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியில் வாங்கியது நடுத்தர விலையில், குரூப் 31 என்ற பெட்டி அளவில், ட்ரோலிங் மோட்டாருக்கென்றே விற்கும் 100 ஆம்ப்-அவர் பேட்டரி இரண்டு. பழையது ஒன்று 30 கிலோவுக்கு மேல், புதியது 12 கிலோவுக்குள். முதுகுவலிக்காரர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

மாட்டும்போது அவசரப்படவில்லை. முதலில் இரண்டையும் தனித்தனியாக முழுக்கச் சார்ஜ் செய்து, பிறகு ஒரு ராத்திரி பேரலலில் இணைத்து வைத்து, அப்புறம்தான் சீரிஸ். பழையதில் ஆணி போல நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் நட்டை முறுக்குவோம். லித்தியத்தில் பெரும்பாலும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை உள்ளே இறக்க வேண்டும். கூட வந்த போல்ட்டைப் போட்டு ஸ்பேனரால் இறுக்கினேன், நன்றாக இறுகி நின்றது. ஒரு சந்தேகத்துக்கு லக்கை (கேபிள் முனையில் இருக்கும் வளையம்) விரலால் தள்ளினேன், சுற்றியது. போல்ட் நீளம் அதிகமாக இருந்ததால் அடியைப் போய் முட்டி நின்றிருக்கிறது, லக்கை அது அழுத்தவே இல்லை. இப்படி விட்டிருந்தால் 50 ஆம்ப் ஓடும்போது அந்த இடம் கொதித்துப் பிளாஸ்டிக்கே இளகியிருக்கும். ஒரு வாஷர் சேர்த்ததும் சரியானது. போல்ட் இறுகிவிட்டதா என்று பார்க்காதீர்கள், லக் அசைகிறதா என்று பாருங்கள்.

மோட்டாரில் இருக்கும் பேட்டரி விளக்குகளை இனி நம்ப முடியாது. அவை வோல்ட்டேஜைப் பார்த்துச் சொல்பவை. லித்தியத்தில் 90 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் நடுவே அரை வோல்ட்கூட வித்தியாசம் இல்லை. லெட் ஆசிட் சோர்ந்து சோர்ந்து முன்கூட்டியே சொல்லிவிடும், லித்தியம் அதே வேகத்தில் ஓடி ஒரு நொடியில் நிற்கும். அதனால் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்று போட்டேன். காற்றில்லாத நாளில் மாலைக்குள் 30 ஆம்ப்-அவர் சுமார், ஸ்பாட்-லாக்கிலேயே கிடக்கும் காற்று நாளில் 70-ஐ ஒட்டிப் போகிறது. 60 ஆம்ப்-அவர் போதும் என்று சொன்னவர்கள் லேக் ஃபோர்க்குக்கு மார்ச்சில் வந்ததில்லை போலிருக்கிறது.

இன்னொன்று, மின் கோட்டாவே சொல்வது: லித்தியத்தில் வோல்ட்டேஜ் இறங்காமல் உயர்ந்தே நிற்பதால், 85 சதவீதத்துக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் நிரந்தரமாகக் கெடலாம். வேகம் பத்தில் எட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். மீனைக் காட்டும் சோனார் திரைகளுக்கு 12 வோல்ட் வேண்டுமே என்று இந்த இரண்டில் ஒன்றிலிருந்து ஒயர் இழுக்கவும் இல்லை, அப்படிச் செய்தால் ஒன்று மட்டும் சீக்கிரம் காலியாகும்.

எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி ஏஜிஎம்மாகவே இருக்கிறது. என் எஞ்சின் கையேடு லித்தியத்தை அனுமதிக்கவில்லை, அந்தப் பேட்டரிக்கு வேலையும் சில நொடிதான். பழைய இரண்டையும் ஆட்டோ பார்ட்ஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஈயத்துக்காக வாங்கிக்கொண்டு சின்னதாக ஒரு கிஃப்ட் கார்டு கொடுத்தார்கள். வாஷர் வாங்க ஆனது.