சங்கராபரணம் தெரிந்தால் போதுமா?

"அவள்தான் சின்ன வயசிலேர்ந்து வயலின் வாசிக்கிறாளே, அப்புறம் என்ன ஆடிஷன்?" மகள் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கப்போகிறாள் என்று சொன்னதும் ஸ்ரீரங்கத்திலிருந்து பேசியவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி இது. இங்கே கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தெரிந்தவர்கள் நேர் எதிர்: "நம்ம சங்கீதத்தை அங்கே சீந்தக்கூட மாட்டாங்க, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." கையைப் பொறுத்தவரை ஸ்கார்பரோக்காரர்கள் சொன்னது சரி. காதைப் பொறுத்தவரை ஸ்ரீரங்கம் சொன்னது சரி.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். எங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் எந்தப் பல்கலைக்கழகமானாலும் ஓயூஏசி என்ற பொது மையம் வழியாகத்தான் விண்ணப்பம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜனவரி நடுவில் கெடு. இசைக்கு அது பாதி வேலைதான். துறையின் தனிப் படிவம், ஆசிரியர் கடிதம், ஆடிஷனுக்குத் தேதி வாங்குவது என்று மீதி இருக்கிறது. ஜனவரி கடைசியில் ஆரம்பித்து மார்ச் வரை ஆடிஷன்கள் ஓடும், அதாவது பனி உச்சத்தில் இருக்கும் நாட்களில். என்ன தரத்தில் வாசிக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஆர்.சி.எம். நிலைகளை வைத்துத்தான் பதில் சொல்கிறார்கள். 1886-ல் தொடங்கிய ராயல் கன்சர்வேட்டரி என்ற இசைப்பள்ளியின் தேர்வுகள் அவை. ப்ளூர் தெருவில், டொரண்டோ பல்கலைக்கழகத்தின் இசைத் துறைக்குக் கூப்பிடு தூரத்திலேயே அந்தக் கட்டடம்.

யார்க் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. அங்கே கர்நாடக சங்கீதத்துக்கே இடம் உண்டு. ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நம்மவர்கள் கொண்டாடிய அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸும், மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனும் 1971-ல் போட்ட அடித்தளம் அது. சங்கரன் பல பத்தாண்டுகள் அங்கே பேராசிரியர், 2011-ல் சங்கீத கலாநிதி. இது தெரிந்ததும் என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை, அவரும் திருச்சிக்காரர். "நம்ம ஊர்க்காரர் வளர்த்த இடம்மா, கண்ணை மூடிண்டு போட்டுடலாம்" என்றார். மகள் நிதானமாகச் சொன்னாள்: "போடலாம்ப்பா. ஆனா எனக்கு ஆர்க்கெஸ்ட்ராவில் உட்காரணும்."

அந்த ஆசை இங்கே வந்த பிறகு பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பில் ஸ்ட்ரிங்ஸ் என்ற தந்தி வாத்திய வகுப்பில் சேர்த்தார்கள். நாற்பது பேர் ஒரே நேரத்தில் வில்லைத் தூக்குவதை முதல் தடவை உள்ளே இருந்து பார்த்தவள் அன்று சாயங்காலம் வேறு எதுவும் பேசவில்லை. எனக்கு அப்போதே லேசாகப் பட்டது.

கை விஷயத்துக்கு வருகிறேன். நம் வயலின் சம்மணமிட்டு வாசிப்பது. வயலினின் தலை வலது பாதத்தில் பதிந்திருக்கும், மறுமுனை தோளில் அணைந்திருக்கும். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை என்பதால் அது தந்தி நெடுக வழுக்கிக்கொண்டு போகும். நம் கமகம் முழுக்க அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. இங்கே நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவே வாத்தியத்தை வைத்து, விரலை இடம் இடமாக எடுத்து வைக்க வேண்டும். தந்தி சேர்ப்பதும் வேறு. நாம் ச-ப-ச-ப என்று நமக்கு வேண்டிய சுருதியில் சேர்ப்போம், இவர்கள் ஜி-டி-ஏ-ஈ என்று கட்டிவைத்துவிட்டார்கள். ஏ என்றால் பொதுவாக 440 ஹெர்ட்ஸ், அதில் பேரம் கிடையாது. மகளுடைய டீச்சர் சோவியத் காலத்துப் பயிற்சி பெற்ற அம்மாள். முதல் மாதங்களில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை "வழுக்காதே" என்பதுதான்.

ஆடிஷனுக்கு எடுத்துக்கொண்டவை: ஜெர்மானிய இசைமேதை பாக்கின் தனி வயலினுக்கான இரண்டாவது பார்ட்டீட்டாவிலிருந்து டி மைனர் ஆலமாண்ட், மாக்ஸ் ப்ரூக் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்க எழுதிய ஜி மைனர் கான்செர்ட்டோவின் முதல் பகுதி, க்ரூட்ஸர் எழுதிய எட்யூட் என்ற பயிற்சிப் பாடம் ஒன்று, மூன்று ஸ்தாயி ஸ்கேல்கள். பாக்குக்குத் துணை வாத்தியம் எதுவும் இல்லை. அதுதான் அவளை ரொம்பப் படுத்தியது. பிறந்ததிலிருந்து தம்புராவோ சுருதிப் பெட்டியோ பின்னால் ஓடாமல் வாசித்தே பழகாத பிள்ளை. வெறும் மௌனத்தில் முதல் சுரத்தைப் போட வேண்டும் என்றதும் தடுமாறினாள். கொஞ்ச நாள் டி-யில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு பாக் வாசித்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. டீச்சரிடம் மட்டும் சொல்லவில்லை.

ப்ரூக் வேறு விதத்தில் கஷ்டம் கொடுத்தது. பியானோக்காரரோடு ஒத்திகைக்குப் போனால் சில இடங்களில் இவள் சுரம் இறங்கி நிற்பதாகச் சொன்னார். இவளா, சுருதி விலகுவதா? எனக்குக் கோபமே வந்தது. பிறகு டீச்சர் விளக்கினார். தம்புராவை மீட்டும்போது தானாகக் கேட்குமே அந்தர காந்தாரம், அது சுத்தமான காந்தாரம். பியானோவில் பன்னிரண்டு சுரங்களையும் சம தூரத்தில் வைத்திருப்பதால் அதன் காந்தாரம் அதைவிட சுமார் 14 சென்ட் ஏறி நிற்கும். ஒரு அரைச்சுர இடைவெளி 100 சென்ட் என்று கணக்கு. என் மகள் தம்புரா சொன்னபடி வாசித்திருக்கிறாள், பியானோ தன் கணக்கில் நின்றிருக்கிறது. அந்தப் பதினான்கைக் காது ஒப்புக்கொள்ளவைக்க வாரக்கணக்கில் ஆனது. எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

ஆடிஷனில் கேட்டு அடையாளம் சொல்லும் காதுத் தேர்வும் உண்டு, அதில்தான் ஸ்ரீரங்கம் ஜெயித்தது. மேஜர் ஸ்கேல் என்றால் சங்கராபரணம், நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி, மெலோடிக் மைனரின் ஆரோகணம் கௌரிமனோகரி. மற்றப் பிள்ளைகள் மாதக்கணக்கில் உருப்போடுவதை இவள் ராகத்தின் பெயராகவே அடையாளம் கண்டுவிடுவாள். இரண்டு சுரத்துக்கு நடுவே எத்தனை தூரம் என்றாலும், கைதட்டிக் காட்டும் தாளத்தைத் திருப்பிச் செய் என்றாலும் யோசிக்கவே மாட்டாள். மூன்று நான்கு சுரங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் கார்ட் வந்தால் கதை மாறிவிடும். நம்மிடம் அந்தப் பழக்கமே இல்லையே! எது அடிச்சுரம், எது தலைகீழாக நிற்கிறது என்று பிரித்துக் கேட்பதை அவள் புதிதாகத்தான் கற்றாள். பார்த்தவுடன் வாசிப்பது அதைவிட மோசம். வாயால் கேட்டு, திரும்ப வாசித்து, மனசில் ஏற்றி வளர்ந்தவளுக்கு நோட்டேஷன் என்பது பாடம் மறந்தால் எட்டிப் பார்க்கும் காகிதம். "உன் ஞாபகசக்தி எனக்கு வேண்டாம், கண்ணைப் பயன்படுத்து" என்று டீச்சர் தினமும் புதிதாக ஒரு பக்கத்தை முன்னால் வைப்பார். பதிப்புரிமை முடிந்த நோட்டேஷன்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைப்பதால் இதற்குப் பணம் செலவாகவில்லை.

செலவு வைத்தது குளிர். டிசம்பரில் ஹீட்டர் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்குள் ஈரப்பதம் வறண்டுபோய்விடும். மரம் சுருங்கும். தந்தியை முறுக்கும் பிருடைகள் நிற்காமல் நழுவும், காலையில் பெட்டியைத் திறந்தால் நான்கு தந்தியும் தொளதொளவென்று கிடக்கும். ஒருநாள் கீழ்ப் பலகையும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்துவிட்டது. நான் அழாத குறை. வாத்தியம் சரிசெய்பவர் சிரித்துக்கொண்டே, அதற்குத்தான் தோல்பசையால் ஒட்டுகிறோம் என்றார். பலகை சுருங்கும்போது ஒட்டு விட்டுக்கொடுக்கும், இல்லையென்றால் பலகையே வெடித்திருக்குமாம். அன்றிலிருந்து பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, அறையில் ஹ்யூமிடிஃபயர் ஒன்று. நாற்பது சதவீதத்துக்குக் கீழே முள் இறங்கினால் எனக்குத்தான் முதலில் படபடக்கும். ஊரிலிருந்து வாத்தியத்தோடு வருகிறவர்கள் ஸ்வெட்டருக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

அடுக்குமாடியில் சத்தம் இன்னொரு கவலை. ஒரே நாலு வரியை மணிக்கணக்கில் வாசித்தால் யார்தான் பொறுப்பார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். இட்லியும் சாம்பாரும் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்கள் யோசியாதேங்கோ, பிள்ளை படிக்கிறதுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லமாட்டம். எட்டு மணிக்குப் பிறகு மட்டும் வேண்டாம், சின்னவன் நித்திரை" என்றார். பிறகு அவரே, "அந்த மூண்டாவது இடத்திலை நேற்றும் பிழைச்சது, இண்டைக்குச் சரி" என்று சொல்லும் அளவுக்குப் ப்ரூக்கில் தேறிவிட்டார்.

ஆடிஷன்களில் முதலாவது டொரண்டோ பல்கலைக்கழகத்தில். கென்னடி வரை பஸ், அங்கிருந்து சப்வே, செயின்ட் ஜார்ஜில் மாறி ம்யூசியம் ஸ்டேஷன். எகிப்தியச் சிலைகள் மாதிரி தூண்கள் வைத்த ஸ்டேஷன், மகள் அன்று அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோட்டுப் பைக்குள் சூட்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மைனஸ் பதினைந்தில் விரல் விறைத்துவிட்டால் திரும்ப மசிய அரை மணியாகும், அதனால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். இது எல்லாருக்கும் நான் சொல்வது.

உள்ளே பெற்றோரை விடுவதில்லை. வெளியே வந்தவள் முகம் வாடியிருந்தது. ப்ரூக்கைப் பாதியிலேயே நிறுத்தி, "போதும், நன்றி" என்றுவிட்டார்களாம். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. நம் கச்சேரியில் பாதியில் நிறுத்தச் சொன்னால் அதைவிட அவமானம் உண்டா? டீச்சருக்குப் போன் போட்டால் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. எல்லாரையும் நிறுத்துவார்கள், வேண்டியது கிடைத்துவிட்டால் அடுத்ததற்குப் போவார்கள் என்றார்.

ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம் வேறு ஒன்றில். கர்நாடக சங்கீதம் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டார்களா என்று எல்லாரும் விசாரித்தார்கள். விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள், ஆனால் அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. ஸ்கேலும் பாக்கும் கேட்டார்கள், எந்த மாதிரி ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்திருக்கிறாய் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. அவள் எதற்குப் போனாளோ அதைக் கேட்டார்கள்.

விண்ணப்பித்த இடங்களில் ஒன்றிலிருந்து இடம் வந்திருக்கிறது. தியரியில் இன்னொரு தேர்வு எழுத வேண்டும், முதல் வருஷத்தில் எல்லாரும் கீபோர்டும் கற்றாக வேண்டும். பழைய கீபோர்ட் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா தங்களிடம் ஒன்று சும்மா கிடப்பதாகச் சொல்லி மறுநாளே கொண்டுவந்து வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்குச் சின்னவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சரளி வரிசை சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். மகள் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.