ஒன்பது மணிக் களைப்பு

கையில் இருந்த கரட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, "போய் இரு" என்றார் எங்கள் சமையலறைப் பொறுப்பாளர் அம்மா. சுவிஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டு. காலை ஒன்பது மணி. எனக்கோ களைப்பே இல்லை. மிச்சத்தையும் சீவிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். "ஏன்டா குந்திக்கொண்டிருக்காய், எழும்பு" என்று ஏச்சு வாங்கி வளர்ந்தவனுக்கு, குந்தாமல் நின்றதற்கு ஏச்சு விழுந்தது அன்றைக்குத்தான்.

சட்டம் அப்படி. ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் 15 நிமிடம், 7 மணித்தியாலத்துக்கு மேல் அரை மணி, 9ஐத் தாண்டினால் ஒரு மணித்தியாலம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பிளேன்ரீ குடிக்கிற பதத்துக்கு ஆறுவதற்கே அந்த 15 நிமிடம் போய்விடும். நான் வாயில் வைக்கிற நேரம் மற்றவர்கள் கோப்பை கழுவிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்குப் போன் எடுப்பேன். கோடையில் இங்கே ஒன்பது என்றால் மட்டக்களப்பில் எங்கள் ஊரான மண்டூரில் பன்னிரண்டரை. அம்மா மீன் ஆணத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருப்பா. குளிர்காலத்தில் அங்கே ஒன்றரை. சோறு தின்று, வெற்றிலை வட்டாவைப் பக்கத்தில் வைத்துப் பாயில் சரிகிற நேரம்.

"என்ன மனே, விடிஞ்சு ஒம்பது மணிக்கே களைச்சிட்டியா?" என்று சிரிப்பா. "நான் கொஞ்சம் கண்ணயரப் போறன், மறுகா எடு." வைத்துவிடுவா. எனக்குத் தந்த ஓய்வில் பாதி அப்படியே மிச்சம் கிடக்கும்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தெருத் தொட்டியில் கண்ணாடிப் போத்தல் போடக்கூடாது, சத்தம் அயலாரின் ஓய்வைக் கெடுக்கும் என்பதும் பழகிவிட்டது. கடைகளும் பூட்டு. அப்படி அடங்கிக் கிடக்கிற நாளில் யன்னலோரம் இருந்தால் மனம் மண்டூர்த் துறையடிக்குப் போய்விடும்.

களுவாஞ்சிகுடிக்குப் போகிறதென்றால் வாவியைக் கடந்து குருமன்வெளியில் இறங்க வேண்டும். ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதை அந்தக் கரையில் நின்றால் வரும்வரை காத்திருப்பதுதான். மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு மர நிழலில் குந்துவோம். கச்சான் காற்று முகத்தில் அனலாக அடிக்கும். எந்த வயல் வட்டைக்குத் தண்ணீர் வந்தது, யாருடைய பசு கன்று போட்டது, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிழக்கே எழுவான்கரையில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எல்லாம் அங்கேதான். என் சின்னம்மாவின் கலியாணப் பேச்சே அந்தத் துறையடியில்தான் ஒப்பேறியது. எங்கள் மாமா ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் வெற்றிலை கேட்கப் போய், மாப்பிள்ளையோடு வந்தார்.

அப்போதெல்லாம் பாதை பிந்துகிறது என்று ஏசிக்கொண்டேதான் இருந்தோம். இரவில் நோயாளியோடு அதே துறையில் நின்றவர்களிடம் போய் நான் இப்போது படுகிற ஏக்கத்தைச் சொன்னால் செருப்புத்தான் பறக்கும். 2014இல் அதே வாவியில் மண்முனைத் துறையில் பாலம் திறந்தபோது, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் பாதையை நினைத்து அழவில்லை.

இங்கே வருடத்துக்கு ஆகக் குறைந்தது 4 கிழமை லீவு உண்டு. எங்கள் வேலையிடத்தில் அதைத் தை மாதமே எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஆவணியில் களைக்கும் என்று தையிலேயே அறிவித்தாயிற்று. ஆவணி ஏன் என்று சொல்லத் தேவையில்லை, மண்டூர் முருகனின் திருவிழா. கோயில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்வதைப் பார்த்து எவ்வளவோ காலம்.

லீவு சரிவந்ததும் அம்மாவுக்குச் சொன்னேன். சந்தோசத்தில் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. மறுகா வந்தது: "நல்லதாப் போச்சு மனே. பின்வேலி முழுக்க விழுந்து கிடக்கு, கிணறு இறைக்கணும், கூரையில ஓடும் மாத்தணும். கூலிக்கு ஆள் கிடைக்குதில்ல. நீ வந்தா எல்லாத்தையும் முடிச்சிரலாம்."